தீயணைப்பு சிலிண்டரை யார் பார்த்துக்கொள்வது? செட்டிநாட்டுத் தொழிலிடங்களுக்கு மூன்று வழிகள்

கானாடுகாத்தானில் பாட்டன் வீட்டை விடுதியாக மாற்றியவர், காரைக்குடியில் சீடையும் தேன்குழலும் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர், தேக்குச் சாமான் பட்டறை வைத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரு கேள்வி பொதுவாக இருக்கிறது. லைசென்ஸுக்காகவோ பயத்தினாலோ சிவப்பு சிலிண்டர்களை வாங்கி வைத்தாயிற்று. இனி அவற்றை யார் பார்த்துக்கொள்வது?

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. ஸ்டிக்கரில் உள்ள தேதி நெருங்கும்போது ரீஃபில் செய்பவரைக் கூப்பிடுவது ஒன்று. ஒரு நிறுவனத்தோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., போட்டுக்கொள்வது இன்னொன்று. நம் ஆட்களில் ஒருவரைப் பழக்கி மாதாமாதம் பார்க்கச் சொல்லி, அவரால் ஆகாத வேலைக்கு மட்டும் வெளியாளை அழைப்பது மூன்றாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு வீடுகளின் அமைப்புக்கு மூன்றாவது வழிதான் அடித்தளம். ஒப்பந்தம் அதற்குமேல் வரலாம். அதற்குப் பதிலாக வரக் கூடாது.

காரணம் வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். முகப்பில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அடுப்படியில் எழும் புகை தாமதமாகத்தான் தெரியும். தூணும் கதவும் நிலையும் தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த பர்மாத் தேக்கு. விடுதியான பிறகு மெத்தை, திரைச்சீலை, ஏ.சி. வயர் எல்லாம் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 101-க்கு அழைத்ததும் வண்டி கிளம்பினாலும், அது வந்து சேரும் வரையிலான நிமிடங்கள் நம் கையில்தான். 2018 பிப்ரவரி 2 இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் பற்றிய தீ கல்தூண்களையே சிதைத்துவிட்டது; மண்டபத்தைச் சீரமைக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. கல்லுக்கே அந்தக் கதி. நம் வளவில் இருப்பது மரம். எரிந்துபோனால் அதே மரத்தில் அதே வேலைப்பாட்டோடு திரும்பச் செய்துதர ஆள் இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2190 தீயணைப்பான்களைத் தேர்ந்தெடுப்பது, பொருத்துவது, பராமரிப்பது பற்றிய விதித்தொகுப்பு. எந்த இடத்தில் தீ பற்றினாலும் 15 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒரு சிலிண்டரை எட்டவேண்டும் என்கிறது அது. வளவில் இந்த 15 மீட்டரை முற்றத்துக்குக் குறுக்கே நேர்கோடாக அளக்கக் கூடாது. முற்றத்தைச் சுற்றி, தூண்களைக் கடந்து, உயரமான வாசல்படியைத் தாண்டி நடக்கிற தூரத்தை அளக்க வேண்டும். அப்படி அளந்தால் பல வீடுகளில் இப்போது இருக்கும் எண்ணிக்கை போதாது என்பது தெரியவரும். மாதாந்திரப் பார்வை, ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்த ஆள் செய்யும் முழுப் பராமரிப்பு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை (உள்ளே தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றி, சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது) என்று வேலை மூன்று அடுக்காகப் பிரிகிறது. மூன்று வழிகளையும் எடைபோட இந்த அடுக்குகளே போதும்.

கூப்பிட்டால் வருகிறவர்

முதல் வழி மலிவாகத் தெரியும். ஆனால் சிலிண்டர் பழுதாவது ஸ்டிக்கரில் உள்ள தேதியைப் பார்த்து அல்ல. ஒரு குழந்தை பின்னை இழுத்து ஒரு நொடி அழுத்திவிட்டு மறுபடி செருகிவைத்தால் போதும். வால்வின் இருக்கையில் தூள் சிக்கி, உள்ளிருக்கும் நைட்ரஜன் மெல்லக் கசிந்து சில நாளில் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்கு இறங்கிவிடும். ஒரு நொடி பயன்படுத்தினாலும் அது பயன்படுத்திய சிலிண்டர்தான், ரீஃபில் செய்தாக வேண்டும். அடுத்த தேதி வர பத்து மாதம் இருந்தால், அந்தப் பத்து மாதமும் சுவரில் நிற்பது வெற்று இரும்பு.

ரீஃபில் என்ற பெயரில் என்ன நடக்கிறது என்பதையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அழுத்தத்தை முழுக்க வெளியேற்றி, தலையைக் கழற்றி, தூளைக் கொட்டி, கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்த்து, டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று தேடி, ரப்பர் வளையத்தை மாற்றி, எடை போட்டுத் தூள் நிரப்பி, உலர்ந்த நைட்ரஜன் ஏற்றினால்தான் அது ரீஃபில். இதற்கு நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வேண்டும். டூவீலரில் ஒரு துணியும் ஸ்டிக்கர் கட்டும் மட்டும் கொண்டுவருகிறவர் செய்து கொடுப்பது துடைத்த சிலிண்டர். அதற்கு நாம் பணம் கொடுத்து, நிம்மதியாக வேறு தூங்கப் போகிறோம்.

ஒன்றோ இரண்டோ சிலிண்டர் உள்ள சின்னக் கடைக்கு இந்த வழி ஒத்துவரும். கொட்டான் என்கிற ஓலைக்கூடை விற்கும் கடை, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை போன்ற இடங்களில் கடைக்காரர் நாள் முழுக்க அதன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அங்கும் மாதம் ஒருமுறை முள்ளைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருக்க வேண்டும்.

ஒப்பந்தம் தருவதும் தராததும்

ஏ.எம்.சி.யின் பெரிய பலன் காகிதம். இதை நான் குறைவாக மதிக்கவில்லை. தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வரும்போதும், காப்பீட்டுக்காரர் கேட்கும்போதும், வெளிநாட்டுப் பயணிகளை அனுப்பும் சுற்றுலா நிறுவனம் பட்டியல் போட்டுக் கேட்கும்போதும் எந்தச் சிலிண்டர் எப்போது நிரப்பப்பட்டது, எப்போது அழுத்தச் சோதனைக்குப் போனது என்று எடுத்துக் காட்ட முடியும். அழுத்தச் சோதனையை வீட்டில் செய்ய வழியும் இல்லை. தூள், தண்ணீர் வகைகளுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும், கரியமில வாயு வகைக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் அது நடக்க வேண்டும். தூள் சிலிண்டரின் ஆயுளே பத்து ஆண்டு, கரியமில வாயுவுக்குப் பதினைந்து. அதற்கு மேல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கழித்துவிட வேண்டும். இந்தக் கணக்கை நினைவில் வைத்திருக்கும் வேலையை ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொள்கிறார்.

ஆனால் அவர் வருவது பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட காலத்தில் விருந்தாளியின் பெட்டிகள் சிலிண்டரை மறைக்கும். கல்யாண போட்டோவுக்கு இடைஞ்சல் என்று யாரோ அதைத் தூக்கி ஆளோடியின், அதாவது நடைத் தாழ்வாரத்தின், மூலையில் வைப்பார்கள். அது அங்கேயே இருந்துவிடும். நம் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கல் பங்காளி அறைகள். ஒரு வீட்டில் ஒரு பங்குக்காரர் விடுதி நடத்துவார். மற்றவர்களின் அறைகள் பூட்டியிருக்கும், சாவி சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும். உள்ளே பழைய மெத்தையும் பாயும் காகிதமும் வயதான வயரும். ஒப்பந்த நிறுவனத்தின் பையன் "அறை பூட்டியிருந்தது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர்மேல் தவறில்லை. ஆனால் எல்லாப் பங்குக்காரர்களையும் உட்காரவைத்துப் பேசி, அந்த அறைகளுக்கு மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவைக்க ஒப்புதல் வாங்குவது எந்த ஒப்பந்தத்திலும் வராத வேலை. வீட்டு மனிதர்தான் செய்ய முடியும்.

வீட்டுக்குள் ஒருவர்

மூன்றாவது வழியின் வெற்றி ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. மேனேஜரிடம் கொடுத்தால் சீசன் வந்ததும் மறந்துவிடும். பல வருடம் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற காவல்காரர், பின்கட்டு வரை தினமும் பெருக்குகிற அம்மா போன்றவர்கள்தான் சரி. எந்தப் பொருள் நேற்று எங்கே இருந்தது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியும். கூடவே இரண்டாவதாக ஒருவரையும் பழக்கவேண்டும், முதலாமவர் ஊர்த் திருவிழாவுக்குப் போகும் மாதமும் உண்டு. இதற்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியாகக் கொடுங்கள். சம்பளத்தோடு சேர்ந்த வேலை என்று சொன்னால் அது கடைசி வேலையாகிவிடும்.

எந்த நாளில் பார்ப்பது? மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளை நான் பரிந்துரைக்கிறேன். அறிவிப்பு தானாக வரும், நினைவூட்ட வேறு ஆள் வேண்டாம். அவசர விளக்குகள் எரிகின்றனவா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அவசர விளக்கு இன்வர்ட்டர் லைனில் இணைந்திருந்தால் மின்தடையிலும் அதன் சொந்த பேட்டரி சோதிக்கப்படுவதில்லை. அதன் சுவிட்சைத் தனியாக அணைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் முழுக்க எரியவிட்டுப் பாருங்கள். அரை மணியில் மங்கினால் பேட்டரி போய்விட்டது.

சிலிண்டரில் பார்க்க வேண்டியவை இவை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, எதிரில் எதுவும் மறைக்கவில்லையா, பின்னும் பிளாஸ்டிக் சீலும் அறுபடாமல் இருக்கின்றனவா, முள் பச்சையில் நிற்கிறதா. ஹோஸ் பைப்பில் வெடிப்பு உண்டா, நாசிலில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வருடத்தில் பாதி நாள் ஆள் புழங்காத வீடுகளில் குளவிக்கூடு சாதாரணம். அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது மிக முக்கியம். முற்றத்தின் ஓரத்தில் மழைச்சாரல் படுகிற இடத்தில் நின்ற சிலிண்டருக்குத் துரு கீழ் வளையத்தில்தான் தொடங்கும், நிற்கும்போது அது கண்ணில் படாது. தூள் சிலிண்டரை ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து மெல்ல ஆட்டினால் உள்ளே தூள் நகர்வது கைக்குத் தெரியும். கரியமில வாயு சிலிண்டரில் முள்ளே கிடையாது. எடைதான் கணக்கு. கழுத்தில் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டு, வாயுவில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் நிரப்பவேண்டும். நாலரைக் கிலோ சிலிண்டரில் அது 450 கிராம். பலகாரக் கூடத்தில் எடை மெஷின் எப்படியும் இருக்கும், வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை.

எழுதிவைக்க ஒரு நோட்டு போதும். சிலிண்டருக்கு எண், தேதி, கண்டது, கையெழுத்து. அச்சடித்த படிவத்தில் வரிசையாக டிக் போடுவதைவிட "மூன்றாம் நம்பர் ஹோஸில் கீறல்" என்று கையால் எழுதியது எனக்கு அதிக நம்பிக்கை தரும்.

அவர் செய்யக் கூடாத ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வால்வைக் கழற்றக் கூடாது. அழுத்தம் ஏறிய சிலிண்டரின் தலையைத் தவறாகத் திருகினால் அது தெறித்து உயிரைப் பறிக்கும்.

எதை வாங்குகிறோமோ அதற்கேற்ற பராமரிப்பு

இந்த மூன்று வழிகளில் எது சுலபம் என்பது, எந்த வகைச் சிலிண்டரை வைத்திருக்கிறோம் என்பதையும் பொறுத்தது. கடைக்காரர் எல்லா இடத்துக்கும் ஏ.பி.சி. தூளையே கொடுத்துவிடுகிறார். மரம், திரவம், வாயு ஆகிய மூன்றிலும் பற்றும் தீக்கு அது வேலை செய்யும், விலை குறைவு, ரீஃபில் எளிது, முள்ளைப் பார்த்தே நிலை தெரியும். வீட்டாளே கவனிக்க மிகப் பொருத்தமானது. ஆனால் அந்தத் தூள் அமோனியம் பாஸ்பேட். வளவு முழுக்கப் புகைபோலப் பரவி, பித்தளையிலும் கம்ப்யூட்டரிலும் படிந்து, ஈரம் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். பழைய கண்ணாடி விளக்கு, தஞ்சாவூர் ஓவியம், பித்தளைச் சாமான் நிறைந்த கூடத்தில் சின்னத் தீயைவிடத் தூள் செய்யும் சேதம் பெரிதாகிவிடலாம். அங்கே தண்ணீர்ப் பனி வகையையோ, படிவு விடாத க்ளீன் ஏஜென்ட் வகையையோ யோசிக்கலாம். இரண்டாவது விலை அதிகம். எல்லா அறைக்கும் வேண்டியதில்லை, விலைமதிப்பற்ற பொருள் உள்ள இடத்துக்கு மட்டும்.

மின்பலகை, இன்வர்ட்டர் இருக்குமிடத்துக்கு கரியமில வாயு சிறந்தது. எதையும் அழுக்காக்காது. ஆனால் நம் சித்திரை வைகாசி வெயிலை அதற்குக் காட்டக் கூடாது. 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவம் திரவமாக நிற்பதில்லை, அழுத்தம் வேகமாக ஏறும். மொட்டை வெயில் படும் முற்றத்தில் வைக்காமல் உள்ளே நிழலில் வையுங்கள். காற்றோட்டமில்லாத சின்ன அறைக்குள் நின்று அடிப்பதும் ஆபத்து, மூச்சு முட்டும். இதை நிரப்பச் சிலிண்டர் வெளியூர் போய்த் திரும்பவேண்டியிருக்கும். ஆகவே இந்த வகை இருக்கிறவர்களுக்கு ஒப்பந்தம் உண்மையாகவே உதவுகிறது.

அடுப்படிதான் எனக்கு எப்போதும் கவலை தரும் இடம். பெரிய இருப்புச்சட்டியில் அதிரசமும் முறுக்கும் வேகும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொண்டால், தண்ணீர் ஊற்றியதும் அது நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும். தூள் அடித்தால் தீ அணையும், ஆனால் எண்ணெயின் சூடு இறங்காததால் மறுபடி பற்றலாம். வேகமாக அடித்தால் எண்ணெயே சிதறும். இதற்கென்றே உள்ளது வெட் கெமிக்கல் வகை. பொட்டாசியம் உப்புக் கரைசல் எண்ணெயின் மேல்பரப்பைச் சோப்பு நுரைபோல மூடிச் சூட்டையும் தணிக்கிறது. பலகாரக் கூடமோ விடுதி அடுப்படியோ, இரண்டிலும் இதில் ஒன்றும், தீப்போர்வை ஒன்றும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரைக்குடியில் பலகாரம் போடும் ஒரு ஆச்சி, "அடுப்புக்குப் பக்கத்துலயே மாட்டிருக்கேன் தம்பி, எட்டினா கைக்கு வரும்" என்று காட்டினார். சட்டி பற்றினால் அந்தச் சிலிண்டரைத் தீக்குள் கைவிட்டுத்தான் எடுக்கவேண்டியிருக்கும். வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். மறுநாளே மாற்றிவிட்டார். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடும் இடமும் அதே போல அடுப்பைத் தாண்டாமல் எட்டும்படி இருக்கட்டும்.

மரப் பட்டறைக்குத் தண்ணீர் வகையும் தூளும் கலந்து வைக்கலாம். வார்னிஷும் தின்னரும் இருக்கிற மூலைக்குத் தூள். மரத்தூள் குவிந்த இடத்துக்குத் தண்ணீர், ஏனென்றால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தூசுக்குள் இறங்கி நனைப்பது அதுதான். மணல் வாளி பற்றி ஒரு வரி: பீடித் துண்டும் பேப்பர் கப்பும் நிறைந்த வாளியை வாளியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெழுகிய பழைய பூச்சில் ட்ரில் போட்டால் அது பாளமாகப் பெயரும், ஆணியும் நிற்காது. தேக்குத் தூணில் அடிக்க மனசும் வராது. தரையில் நிற்கும் இரும்பு ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளுங்கள். அழகு கெடுகிறது என்று பழைய அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தால் விருந்தாளி எவராலும் கண்டுபிடிக்க முடியாது.

பின்வாசல்

எந்த வழியைத் தேர்ந்தாலும் பின்வாசலைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் பராமரிப்பு பாதிதான். நம் வீடுகளுக்கு அடுத்த தெருவில் இயற்கையாகவே இரண்டாவது வழி இருக்கிறது, பல நவீன கட்டடங்களுக்கு இல்லாத பாக்கியம் அது. அதையும் பூட்டுப்போட்டு, சாவியை முகப்பில் வைத்திருக்கிறோம். இரவில் விருந்தாளி தங்கும்போது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் வேண்டும். துருப்பிடித்த நாதாங்கியை மாதாந்திரப் பார்வையில் திறந்து மூடிப் பார்ப்பதும் அந்த நோட்டில் ஒரு வரி.

பயிற்சிக்கு நல்ல காலம் ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீயணைப்புத் தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிக்கின் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் செயல்விளக்கம் காட்டுவார்கள். காலாவதியாகி ரீஃபிலுக்குப் போகவிருக்கும் சிலிண்டரை அன்றைக்கு ஆட்களே அடித்துப் பார்க்கட்டும். ஆறு கிலோ சிலிண்டர் இருபது வினாடி அளவிலேயே தீர்ந்துவிடும் என்பதைச் சமையல் மாஸ்டர் ஒருமுறை கையால் உணர்ந்தால், எவ்வளவு கிட்டத்தில், எங்கே குறிவைத்து அடிக்கவேண்டும் என்று மறக்கமாட்டார்.

யாருக்கு எது

பத்துக்கு மேற்பட்ட சிலிண்டரும் அலாரமும் உள்ள விடுதி என்றால் வீட்டாள் ஒருவரும் ஒப்பந்தமும் சேர்ந்தே இருக்க வேண்டும். நான்கைந்து சிலிண்டர் உள்ள பலகாரக் கூடம், பட்டறை ஆகியவற்றுக்கு வீட்டாளின் மாதப் பார்வையோடு, ஆண்டுக்கு ஒருமுறை நல்ல ரீஃபில்காரரை அழைத்து நம் கண்முன் வேலை வாங்கினால் போதும். பட்டறையிலும் கூடத்திலும் ஆள் எண்ணிக்கை கூடித் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வந்துவிட்டால், தீத்தடுப்பும் தப்பிக்கும் வழியும் சட்டப்படியான கடமை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவே அதைச் சொல்லிவந்தது. அப்போது காகிதத்துக்காகவாவது ஒப்பந்தம் தேவைப்படும்.

ஒப்பந்தம் போடுகிறவர்கள் கையெழுத்துக்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டரை எடுத்துப்போகும் நாளிலேயே அதே வகை மாற்றுச் சிலிண்டர் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடை போட்டு, எடையைக் குறிக்க வேண்டும். மாற்றிய உதிரிபாகங்களின் பழையதை நம்மிடம் கொடுத்துவிட வேண்டும். அழுத்தச் சோதனைச் சான்றில் சிலிண்டரின் வரிசை எண் இருக்க வேண்டும். வருகை ஒன்று மார்கழி சீசனுக்கு முன்பும் இன்னொன்று கோடை தொடங்கும் முன்பும் அமைய வேண்டும். வருகிற ஒவ்வொரு முறையும் நம் ஆள் எழுதிய நோட்டைப் படித்து அதன் கீழே அவர்களும் கையெழுத்திட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ளத் தயங்குகிற நிறுவனத்தை விட்டுவிட்டு, அடுத்தவரிடம் விலை கேளுங்கள்.